பஞ்சுவின் நாலாவது ஆல்பம்

பஞ்சுவின் பெயரில் வெளிவந்த ஆல்பங்கள் நான்கு. முதல் மூன்றைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். நாலாவதைப் பற்றி யாராவது வாயெடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். அதிகம் விற்றது என்னவோ அதுதான்.

பஞ்சு என்பது பியானோவால் வந்த பெயர். கட்டைகளின் மேல் அவர் விரல் விழுவதே தெரியாது. பஞ்சை எடுத்து வைப்பதுபோல வைப்பார், ஓசை மட்டும் அறையின் கடைசி மூலை வரை போகும். அவருடைய அப்பா குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம், தூக்கிப் போக வழியில்லாமல் விட்டுச் சென்ற பியானோவை, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தன் மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டார். ஏற்றிய பிறகுதான் கட்டில் போட இடமில்லை என்று தெரிந்தது. பள்ளிப் படிப்பு முடியும்வரை பஞ்சு படுத்துத் தூங்கியது அந்தப் பியானோவுக்கு அடியில்தான்.

அவர் பிடித்துக்கொண்டது ஜாஸ். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதை ஒருமுறை ஒழுங்காக வாசித்துவிட்டு, பிறகு அந்த நேரத்தில் தோன்றுகிறபடி அதை அவிழ்த்தும் முடிந்தும் கொண்டு போகிற இசை. இன்றைக்கு வாசித்தது நாளைக்கு வராது. அதனால் ஜாஸ் ஆல்பம் என்பது ஒரு மத்தியானத்தில் நடந்ததைக் கையும் களவுமாகப் பிடித்து வைப்பதுதான் என்பார்.

முதல் ஆல்பத்தை, விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பதிவு செய்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் பக்கத்துக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியது. அதை நிறுத்தச் சொல்லி ஒருவர் வெளியே ஓடினார். பஞ்சு வாசிப்பதை நிறுத்தவில்லை. மோட்டார் உறுமிய சுருதியை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் அதன் மேல் ஏறி விளையாடினார். ஓடியவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தபோது மண்டபத்தில் இருந்தவர்கள், "ஐயோ, அதையும் வாசிக்க விட்டிருக்கலாமே" என்றார்கள்.

இரண்டாவதில் டிரம்ஸ் வாசித்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. தாயும் தகப்பனும் இல்லாமல் போனபோது அக்கா வீட்டுக்கு வந்தவன், கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் தட்டினான். மூடிகள் நசுங்கியதைத் தாங்க முடியாமல் அக்கா கத்தினாள். அடுத்த வாரமே பஞ்சு ஒரு பழைய டிரம்ஸ் செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் மச்சினனின் குச்சி உடைந்துபோகிறது. மிச்சத்தை வெறுங்கையால் தட்டி முடிக்கிறான். முடிந்ததும் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும். அதை வெட்டக் கூடாது என்று பஞ்சு கறாராகச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது, அவர் தனியாக வாசித்தது. எல்லாம் நிதானமான பாட்டுகள். அதைப் பல் டாக்டர்கள் தங்கள் காத்திருப்பு அறைகளில் போட ஆரம்பித்தார்கள். "பல்லு பிடுங்க வர்ற எல்லாரும் நம்ம ரசிகர்கள்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பகலில் இசைக்கருவிக் கடையில் வேலை. பியானோ பார்க்க வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவார், மாடி அறையில் வகுப்பு எடுப்பார். மச்சினனுக்கும் அதே கடைதான். டிரம்ஸுக்குத் தோல் மாற்றுவான், கடையைத் திறந்து மூடுவான். மாலையில் பஞ்சு ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் வாசிப்பார். மனைவி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தாள். பெரிய குறை என்று ஒன்றும் இல்லாத வாழ்க்கை.

ஓட்டலில் ஒரு மாலை, எத்தனையோ தடவை வாசித்த ஒரு வேகமான ஸ்வர ஓட்டத்தில், வலது கைச் சுண்டுவிரல் கட்டைக்குப் போகாமல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. அசதி என்று நினைத்தார். மறுநாளும் மடங்கியது. அடுத்த மாதம் மோதிரவிரலும் கூடச் சேர்ந்துகொண்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை. சட்டைப் பொத்தான் போடும்போதும் ஆரஞ்சு உரிக்கும்போதும் அந்த இரண்டு விரல்களும் சொன்ன பேச்சைக் கேட்டன. பியானோ முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவை திருடனைக் கண்டதுபோல ஒளிந்துகொண்டன.

பயிற்சி போதவில்லை என்று நினைத்து இரண்டு மடங்கு வாசித்தார். இரண்டு மடங்கு மோசமானது. பிறகு மறைக்கக் கற்றுக்கொண்டார். வேகமான இடங்களை இடது கைக்கு மாற்றினார். மூன்று விரல்களுக்கு ஏற்ற பாட்டுகளாகத் தேடி எடுத்தார். ஓட்டலில் இரைச்சல் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மச்சினன் மட்டும் ஒருநாள், "என்ன மாமா, இப்பல்லாம் ரொம்ப சிக்கனமா வாசிக்கறீங்க?" என்று கேட்டான்.

"வயசாச்சுடா மாப்ளே. பேச்சு குறையுது" என்றார்.

மனைவிக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள், அவர் அந்த இரண்டு விரல்களையும் பென்சிலோடு சேர்த்து வைத்துப் பிளாஸ்டரால் சுற்றி, நீட்டின கையோடு கட்டைகளைக் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்டரைப் பிரித்தாள். சுற்றின இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "எத்தனை நாளா?" என்று கேட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அவர் சொன்னதும் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்பதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

எலும்பு டாக்டர், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். நரம்பு டாக்டர் ஒரு விளையாட்டுப் பியானோவைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். விரல்கள் மடங்குவதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"கையில ஒண்ணும் இல்லீங்க. மூளையிலருந்து போற கட்டளை குழம்பிப் போச்சு. ஒரே வேலைய ரொம்ப வருஷம் நுணுக்கமா செய்யறவங்களுக்கு சில பேருக்கு வரும்."

"சரியாகுமா டாக்டர்?"

"கொஞ்சம் குறையலாம். பழைய மாதிரி வாசிக்கறது கஷ்டம்." பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்கிறவர் போல, "வேற ஏதாவது வேலை தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் பஞ்சு மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உன் தம்பிகிட்ட சொல்லாத."

"ஏன்? அவன் என்ன வேத்தாளா?"

"அவனுக்குத் தெரிஞ்சா அவன் மூஞ்சில தெரியும். அத என்னால பாக்க முடியாது."

அந்தச் சமயத்தில்தான் ஆல்பம் போடுகிற கம்பெனிக்காரர் தேடி வந்தார். மூன்றாவது ஆல்பம் வெளிவந்து ரொம்ப நாள் ஆயிற்று, அடுத்ததை எல்லாரும் கேட்கிறார்கள், இந்தத் தடவை ஓட்டமும் பாய்ச்சலுமாக இருக்க வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். பஞ்சு சரி என்று தலையாட்டிவிட்டார். மனைவி அன்று சமைக்கவே இல்லை.

ஸ்டுடியோவில் அவர் முதலிலேயே ஒலிப்பதிவாளரிடம் உண்மையைச் சொன்னார். அந்த மனிதர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, "கவலைய விடுங்க சார். எவ்வளவு வருதோ அவ்வளவு வாசிங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். விரல்கள் மடங்கத் தொடங்குவதற்குள் கொஞ்ச தூரம் வாசிக்க முடிந்தது. நிறுத்திவிட்டு, கையை உதறிவிட்டு, அடுத்த கொஞ்ச தூரம். சில இடங்களில் வலது கை வாசிக்க வேண்டியதை இடது கையால் தனியாக வாசித்துக் கொடுத்தார். ஒலிப்பதிவாளர் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வெட்டி, தையல் தெரியாமல் ஒட்டினார். கெட்டிக்காரர். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

மச்சினனை அந்த நாட்களில் ஸ்டுடியோ பக்கம் வரவிடவில்லை. பியானோ முழுவதும் முடிந்த பிறகு அவனை வரவழைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கேட்டுக்கொண்டே டிரம்ஸ் வாசிக்கச் சொன்னார்கள்.

"இது என்ன மாமா கூத்து? யாரு மூஞ்சியப் பாத்து வாசிக்கறது நான்?"

"இப்பல்லாம் இப்படித்தான்டா பண்றாங்க."

அவன் அரை மனசாக வாசித்தான். ஆனால் ஹெட்போனில் கேட்ட பியானோ அவனை வாயடைக்கச் செய்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவன் பஞ்சுவின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டான். "சிக்கனமா வாசிக்கறீங்கன்னு சொன்னேனே, அந்த வாயில அடிங்க. எங்க மாமா ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதெல்லாம்?"

ஆல்பம் வெளிவந்தது. பத்திரிகையில் ஒருவர், இவ்வளவு சரளமாக இவர் இதற்கு முன்பு வாசித்ததே இல்லை என்று எழுதினார். ஓட்டலுக்குப் புதிய ஆட்கள் வந்து, அந்த ஆல்பத்திலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். பஞ்சு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார். கம்பெனிக்காரர் பெரிய அரங்கத்தைப் பிடித்து, ஆல்பத்தை முழுவதுமாக மேடையில் வாசிக்கும் நிகழ்ச்சி என்று அறிவித்துவிட்டார். கடைக் கண்ணாடியிலேயே விளம்பரத்தை ஒட்டினார்கள். ஒட்டியவன் மச்சினன். "இப்ப நேருக்கு நேர் வாசிப்போம்ல மாமா. அன்னிக்கு வெக்கறேன் பாருங்க கச்சேரி" என்று அவன் துள்ளினான்.

பஞ்சு அந்த ஆல்பத்தைப் போட்டு வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் வாசித்ததை மனப்பாடம் செய்வதுபோல உட்கார்ந்து பழகினார். அவர் பெயரில் ஓர் ஆள் அங்கே ஓடிக்கொண்டிருந்தான். பத்து விரல்காரன். மூச்சு வாங்காதவன். அவனை எட்டிப் பிடிக்க ஒரு வழியும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விரல்கள் மடங்கின. மனைவி சொல்லிப் பார்த்தாள். "உண்மையச் சொல்லிடுங்க. வியாதிதானே? திருட்டா பண்ணீங்க?"

"ஆல்பம் முழுக்கத் திருட்டுதான். நான் வாசிக்காதத நான் வாசிச்சேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

அவருக்கே தெரியவில்லை. மாடிப்படியில் விழுந்தால் என்ன என்று யோசித்தார். விழுந்தால் கைதான் உடையும் என்பது என்ன நிச்சயம்? எலும்பு உடைந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கட்டுப் போட்ட கையை எல்லாருக்கும் புரியும். மூளையிலிருந்து போகிற கட்டளை யாருக்குப் புரியும்? இந்த எண்ணம் வந்த பிறகு அவருக்கு வேறு எண்ணமே வரவில்லை.

கடையை மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடுவார்கள். மச்சினன் கொக்கிக் கம்பியால் ஷட்டரை இழுத்து, பாதிக்கு மேல் வந்ததும் கையை விட்டுவிடுவான். அது தன் கனத்தில் தடதடவென்று இறங்கித் தரையில் மோதும். முதலாளி அதற்காக அவனைப் பலமுறை திட்டியிருக்கிறார்.

நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், மச்சினன் வழக்கம்போல ஷட்டரை இழுத்தான். பக்கத்தில் நின்றிருந்த பஞ்சு, "இருடா, சாவி உள்ள விழுந்துடுச்சு" என்று குனிந்தார். 'இருடா' என்பதை அவர் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார். கம்பியை அவன் ஏற்கெனவே விட்டிருந்தான். பஞ்சு வலது கையின் கடைசி இரண்டு விரல்களையும் ஷட்டருக்கு அடியில் நீட்டி வைத்தார். இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

தெருவில் கேட்ட அலறல் பஞ்சுவுடையதல்ல, மச்சினனுடையது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை முதல்முறை பார்த்தபோது பஞ்சுவுக்கு வந்தது நிம்மதி. அன்றைக்கு, பல மாதங்களுக்குப் பிறகு, நன்றாகத் தூங்கினார். பிறகு அவர் அதிகம் வெட்கப்பட்டது அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான்.

நிகழ்ச்சி ரத்தானது. பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் பழக்கூடையோடு வந்து நின்றார்கள். நாலாவது ஆல்பம் கடைகளில் தீர்ந்துபோய் மறுபடியும் அச்சானது. இனிமேல் கேட்கக் கிடைக்காத கை என்று சொல்லி வாங்கினார்கள்.

மச்சினன் தினமும் காலையில் வந்து பஞ்சுவுக்குச் சட்டை மாட்டிவிட்டான், தலை துவட்டினான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அவன் ஷட்டரைத் தொடுவதே இல்லை என்றும், டிரம்ஸைத் துணி போட்டு மூடிவிட்டான் என்றும் முதலாளி சொன்னார். அவன் கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒருநாள் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, என் கையில ஏதாவது எடுத்து உங்களுக்கு வெக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். சிரிக்கறாரு அந்த ஆளு."

பஞ்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தார். அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. சொன்னால் இவனும் இல்லாமல் போய்விடுவான் என்ற பயம். சொல்லாமல் விட்டால் தன் கண்ணெதிரே கரைந்துபோவான்.

மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த அன்றைக்கே அவளுக்கு மனசில் இடித்தது. ஷட்டர் விழுந்தால் நசுங்குகிற கை எப்படியாவது கோணலாக நசுங்கியிருக்கும். இது, வெட்டுவதற்காகப் பலகையில் நீட்டி வைத்தாற்போல, அந்த இரண்டு விரல்கள் மட்டும். கணவரே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ஒருநாள் தம்பி போன பிறகு சமையலறையில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்த?"

"என்கிட்டயுமா?" என்றாள். குரல் உயரவில்லை. "உங்க கை உங்களோடது. உடைச்சுக்கிட்டீங்க. அத நான் எப்படியோ தாங்கிக்கறேன். அவன் கைய எதுக்குங்க எடுத்தீங்க?"

பஞ்சு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கடையின் மாடி அறையில், துணி போட்டு மூடிய டிரம்ஸுக்குப் பக்கத்தில் மச்சினனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். விரல் மடங்கியது, பென்சில், நரம்பு டாக்டர், ஸ்டுடியோ, துண்டு துண்டாக ஒட்டியது. ஷட்டரைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அது ஒன்றுதான் அவரால் செய்ய முடிந்த மரியாதை.

சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்.

"ஹெட்போன்ல நான் கேட்டது?"

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லடா."

"அத கேட்டு நான் அழுதேன் மாமா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு வேற கதவே கிடைக்கலையா? ஊர்ல எத்தனை கதவு இருக்கு. என் கையாலதான் செய்யணுமா?"

அவன் கையில்தான் கொக்கிக் கம்பி இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. மச்சினன் எழுந்து படியிறங்கிப் போனான். அந்த வாரமே வேறு ஒரு குழுவில் சேர்ந்து வெளியூர் போய்விட்டான். அக்காவுக்கு மட்டும் போன் பண்ணுவான். பஞ்சு எடுத்தால் வைத்துவிடுவான்.

பஞ்சு கம்பெனிக்காரரிடம் போய், ஆல்பத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். நடந்ததைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் ஒட்டறதுதான் சார். உங்களுக்கு மனசு சரியில்ல, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஆல்பத்தைப் புகழ்ந்து எழுதிய பத்திரிகைக்காரருக்கு உண்மையைச் சொல்லிப் பஞ்சு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. கடைக்கு வந்த ஒரு பெண்மணி அந்த ஆல்பத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, "இதுல வாசிச்சது நான் இல்லம்மா" என்றார். அவள் பக்கத்தில் நின்ற கணவனிடம் திரும்பி, "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்றாள்.

கட்டுப் பிரித்த பிறகு எலும்பு கூடியது. விரல்கள் முன்போல மடங்கவில்லை, நிமிரவும் இல்லை, பாதியில் நின்றன. ஓட்டலில் வேறு ஒருவர் வாசித்தார். பஞ்சு கடையில் பியானோ விற்றார், இடது கையால் வாசித்துக் காட்டி. வீட்டில் அவரும் மனைவியும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மழைக்காலத்தில் அவள் காய்ச்சல் வந்து படுத்தாள். தம்பி போன் பண்ணியபோது சொல்லியிருக்கிறாள். இரண்டாம் நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் மச்சினன், கையில் ஒரு டிபன் கேரியரோடு. பஞ்சுவைத் தாண்டிக்கொண்டு அக்காவின் கட்டிலுக்குப் போனான். அவளுக்கு ஊட்டினான், மாத்திரை கொடுத்தான். அவள் கண்ணை மூடியபடியே, "அவரு காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலடா" என்றாள்.

அவன் சமையலறைக்கு வந்து இரண்டு தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தான். எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பஞ்சு இடது கையில் கரண்டியைப் பிடித்திருந்ததை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வலிக்குதா?"

"மழை வந்தா வலிக்கும்."

"நல்லா வலிக்கட்டும்" என்றான் மச்சினன்.

கேரியரின் கீழ்த்தட்டில் மிச்சம் இருந்ததை அவர் தட்டில் போட்டான். பஞ்சு தலை குனிந்து அதையும் சாப்பிட்டார். அக்காவுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் அடுத்த வாரம் அவன் வந்தான்.